ஐரோப்பிய ஸ்பீட்வே பட்டம்: 2013-இல் ஒரு கோடு

ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது. மெத்தனாலில் ஓடும் 500 சிசி எஞ்சின், ஒரே கியர். நான்கு பேர் மண் தடத்தில் நான்கு சுற்று வருவார்கள். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப முடியும். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஐரோப்பியத் தனிநபர் பட்டத்தை எடைபோட அந்த ஒரு நிமிடமே முதல் அளவுகோல்.

2001-இல் தொடங்கிய இந்தப் பட்டம் 2012 வரை ஒரே நாள் இறுதிப்போட்டியில் முடிவானது. 16 வீரர்கள், 20 ஓட்டங்கள், ஆளுக்கு ஐந்து வாய்ப்பு. அதாவது, ஒரு கண்டத்தின் சாம்பியன் யார் என்பதை ஐந்து நிமிட ஓட்டம் தீர்மானித்தது. தொடக்கக் கயிறு மேலெழும்பும்போது கிளட்சை விடக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும், முன்னால் போகிறவர் வாரியிறைக்கும் மண்ணை முகத்தில் வாங்கிக்கொண்டே மிச்சத் தூரத்தை ஓட்ட வேண்டும். சங்கிலி ஒருமுறை அறுந்தால் பட்டமே போச்சு.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. செக் வீரர் போஹுமில் பிர்ஹெல் முதல் சாம்பியன் ஆனார். ஸ்லோவேனியாவின் மாட்டேய் ஷாகர் இருமுறை வென்றார். 2007-இல் குரோஷியாவின் யூரித்சா பாவ்லிச் 18 வயதில் வென்றார். 2011-இல் உக்ரைனின் அந்திரேய் கார்ப்போவ். சிறிய ஸ்பீட்வே நாடுகளுக்குக் கிடைத்த இந்த வெளிச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே காலத்தில் உலகப் பட்டம் வென்ற ஐரோப்பியர்களான டோனி ரிக்கார்ட்சன், டோமாஸ் கோலோப் பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. உச்சத்தில் இருந்தவர்களை ஈர்க்காத பட்டத்தைக் கண்டத்தின் பட்டம் என்று எப்படி ஏற்பது?

2013-இல் போலந்தின் ஒன் ஸ்போர்ட் நிறுவனம் பொறுப்பேற்று, ஒரு நாள் போட்டியைப் பல ஊர்களில் நடக்கும் தொடராக்கி, மொத்தப் புள்ளிகளால் வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தது. அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்தது. ஸ்லோவாக்கியாவின் மார்ட்டின் வாட்சுலிக்கைத் தொடர்ந்து எமில் சைஃபுத்தினோவ் 2014, 2015 இரண்டிலும் வென்றார். 2016-இல் வென்றவர், ஏற்கெனவே மூன்று முறை உலக சாம்பியனான டென்மார்க்கின் நிக்கி பெடர்சன். ஆள் தரத்தில் இது வேறு உயரம்.

இன்னொரு கடுமையான சோதனையும் உண்டு. ஐரோப்பியப் பட்டம் வென்ற எவரும் அதற்குப் பிறகு உலகப் பட்டத்தைத் தொட்டதில்லை. ஜேசன் கிரம்ப், கிரெக் ஹான்காக் போன்ற ஆஸ்திரேலிய, அமெரிக்க வீரர்கள் இதில் பங்கேற்க முடியாது என்பது பாதி விளக்கம்தான். பிரிட்டனின் டாய் வாஃபின்டன், போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் ஆகிய ஐரோப்பிய உலக சாம்பியன்களும் இதை வெல்லவில்லையே! ஆகவே இது இரண்டாம் தரப் பட்டம்தான். அப்படிச் சொல்வது அவமதிப்பல்ல. 2020-இல் வென்ற ராபர்ட் லாம்பர்ட் அடுத்த ஆண்டே உலக கிராண்ட் பிரி வரிசையில் நின்றார். ஏணியாக அது தன் வேலையைச் செய்கிறது.

என் முடிவு இது: இரு காலத்துச் சாம்பியன்களையும் ஒரே பட்டியலில் சமமாக அடுக்குவது தவறு. 2013-இல் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே உள்ள பெயர்களுக்கே ஐரோப்பிய சாம்பியன் என்ற முழு மதிப்பையும் தர வேண்டும்.