பழைய கேம்பர் வேனில் கூலன்ட் ஒழுகினால்: ஊற்றும் புட்டியா, சோதிக்கும் பம்பா?

ஃபோக்ஸ்வேகன் டி3 போன்ற பழைய கேம்பர் வேனில் கூலன்ட் குறையத் தொடங்கியதும், உரிமையாளர்களில் பலர் முதலில் வாங்குவது ஒழுகலை அடைக்கும் திரவப் புட்டியைத்தான். விலை குறைவு, கருவி எதுவும் வேண்டாம், டேங்கில் ஊற்றி வண்டியை ஓட்டினால் போதும். கூலிங் சிஸ்டத்துக்குள் காற்றை ஏற்றிச் சோதிக்கும் கைப்பம்புக்கு அதைவிடப் பல மடங்கு விலை. அது ஒழுகலை நிறுத்தவும் செய்யாது. ஆனாலும் இந்த வண்டிக்கு வாங்க வேண்டியது பம்புதான் என்பது என் முடிவு.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1979இல் டி3 வந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சின் காற்றால் குளிர்ந்தது. 1983 மாடலிலிருந்து தண்ணீரால் குளிரும் 1.9 லிட்டர் பாக்ஸர் எஞ்சினும், சில ஆண்டுகளில் 2.1 லிட்டர் எஞ்சினும் வந்தன. எஞ்சின் வண்டியின் பின்கோடியில், ரேடியேட்டர் முன்கோடியில். இரண்டையும் சேர்க்க, வண்டியின் அடிவயிறு நெடுக இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. டாஷ்போர்டுக்குள் ஒரு ஹீட்டர், பல வண்டிகளில் பின்னிருக்கைக்கு அடியில் இன்னொன்று. மொத்தம் 16 லிட்டருக்கும் மேல் கூலன்ட், வழியெங்கும் ரப்பர் ஹோஸ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கிளாம்ப். இவ்வளவு நீளமான பாதையில் தரையில் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓடும்போது அடிக்கும் காற்று ஈரத்தைப் பின்னோக்கித் தள்ளிவிடும்; சூடான எஞ்சின் மேல் விழுவது சொட்டாமலே ஆவியாகிவிடும்.

பம்பு பயன்படுவது இங்கேதான். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு டேங்க் மூடியைக் கழற்றி, அந்த மரைக்குப் பொருந்தும் அடாப்டரைத் திருகி, மூடியில் குறித்த அழுத்தம் வரை பம்பை அடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பம்பின் அழுத்தமானி முள் அசையாமல் நின்றால் குளிர்ந்த நிலையில் சிஸ்டம் தாங்குகிறது. முள் இறங்கினால், எஞ்சின் ஓடாமலும் சுடாமலும் இருக்கும் நிலையிலேயே கசிவைத் தேடலாம். கை சுடாது, ஃபேன் சுற்றாது. வெளியே எங்கும் ஈரமில்லை, வண்டிக்குள் இனிப்பு வாடை வருகிறது, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிகிறது என்றால் ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான பம்புப் பெட்டிகளில் மூடியையே சோதிக்கும் அடாப்டரும் இருக்கும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். கூலன்ட் முன்கூட்டியே கொதித்து வெளியேறும், பார்ப்பவருக்கு அது ஒழுகலாகத் தெரியும். மூடியை மாற்றினால் தீரும் இந்தக் கோளாறை எந்தப் புட்டியும் சரிசெய்யாது.

பம்பிலும் குறைகள் உண்டு. மலிவான பெட்டிகளில் அடாப்டரின் ரப்பர் வளையமே காற்றை விட்டுவிடும். அப்போது முள் இறங்குவது வண்டியின் குற்றமாகாது. அடாப்டரைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சூடேறினால் மட்டும் திறக்கும் விரிசலும் குளிர்ந்த சோதனையில் அகப்படாது. அதற்குக் கூலன்டில் சாயம் கலந்து ஓட்டிவிட்டு, புறஊதா விளக்கில் பார்க்கலாம். ஆனால் இந்த எஞ்சினின் பேர்போன நோய் பம்புக்குப் பெரும்பாலும் சிக்கிவிடும். இதில் எரிப்பு வாயுவை அடைப்பது தனி உலோக வளையம். சிலிண்டர் ஹெட்டைச் சுற்றிய தண்ணீரை அடைப்பது ஒரு ரப்பர் கேஸ்கட். அந்த ரப்பர் அமரும் அலுமினிய விளிம்பு அரித்துக் குழிவிழுந்தால் கூலன்ட் வெளிப்பக்கமாகக் கசியும். அழுத்தம் ஏற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் அந்த விளிம்பில் ஈரம் தெரியும்.

நடுவழியில் ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்து, பக்கத்தில் பட்டறையும் இல்லையென்றால் புட்டி உதவாதா என்று கேட்பது நியாயம். உதவும்; பட்டறை வரை போய்ச் சேர அது போதும். அதையே வைத்தியமாக எண்ணி விட்டுவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது. துளையை அடைக்கும் துகள்கள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் தங்கும். ஹெட் விளிம்பின் அரிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். கசிவு மறைந்திருப்பதால் உரிமையாளர் அதைக் கவனிக்கவும் மாட்டார். சோதனையே வேண்டாம், ஹோஸ்களை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்பாரும் உண்டு. நாற்பது ஆண்டை நெருங்கும் ரப்பரை மாற்றுவது நல்லதுதான். ஆனால் ஹெட்டில் கசிவு இருந்தால் அத்தனை செலவுக்குப் பிறகும் கூலன்ட் குறையும். ஹெட்டைக் கழற்றும் வேலையில் துருப்பிடித்த ஸ்டட்கள் முறியக்கூடும். அந்தச் செலவு வருமா என்பதை முன்கூட்டியே அறிவது பணத்தைக் காக்கும்.

வாங்குவோர் தங்கள் டேங்கின் மரைக்குப் பொருந்தும் அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியில் குறித்த அளவைத் தாண்டிப் பம்பை அடிக்காதீர்கள். பழைய ஹோஸ் தாங்காது. பழுது தீர்ந்ததும் ஃபாஸ்பேட் கலக்காத கூலன்டை வாலைவடிநீரில் கலந்து ஊற்றி, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். வடித்த பழைய கூலன்டை நாயும் குழந்தையும் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். அது இனிக்கும் நஞ்சு.