எந்தத் தேதியின் கப்பல்?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் குரூஸர் எம்டனை வீட்டு மேசையில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ரெவெல் நிறுவனத்தின் 1/350 அளவுப் பெட்டி இருக்கிறது. 118 மீட்டர் கப்பல் 34 சென்டிமீட்டராகச் சுருங்கி வந்து உட்காரும். ஒட்டுவது பெரிய காரியமில்லை. பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. எம்டனின் அழகான படங்களெல்லாம் சீனத்துச் சிங்தாவில் எடுத்தவை. வெள்ளை உடல், மஞ்சள் புகைபோக்கிகள். போர் மூண்டதும் முழுக்கச் சாம்பல் பூசிவிட்டார்கள். கப்பலின் சொந்தப் புகைபோக்கிகள் மூன்று. அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்தபோது பிரிட்டிஷ் குரூஸர் என்று நம்பவைக்க, மரச்சட்டத்தில் கித்தான் கட்டிய பொய்ப் புகைபோக்கி ஒன்று நான்காவதாக நின்றது. வெள்ளை எம்டனைச் செய்து அதன் அடியில் ‘சென்னை, 1914’ என்று பலகை வைப்பவர் வேறொரு கப்பலுக்குப் பெயர் சூட்டுகிறார்.

அதே வகுப்பில் பிறந்த டிரெஸ்டனின் வரைபடத்தைக் கடன் வாங்கலாமே என்று தோன்றும். டிரெஸ்டனுக்கு டர்பைன் எஞ்சின், நான்கு சுழல்விசிறி. எம்டனுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின், இரண்டே விசிறி. பின்பகுதியின் அடிப்புறம் முழுக்கத் தப்பாகிவிடும். நவம்பர் 9 அன்று சிட்னி என்ற ஆஸ்திரேலியக் குரூஸரிடம் அடிவாங்கி வடக்குக் கீலிங் தீவில் தரைதட்டிய பிறகு எடுத்த படங்கள் கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. புகைபோக்கி சாய்ந்து, தளம் கிழிந்து, பார்க்கச் சகிக்காத படங்கள். ஆனாலும் சிங்தாவ் படங்களைவிட இவற்றையே நான் நம்புவேன். ஆண்டு சரி, நிறமும் சரி.

போர்க்கப்பல் மாதிரிக்கு ஆதாரம் தேடுவதில் நாட்டுக்கு நாடு ஒரு மரபு உண்டு. பிரிட்டிஷ் மரபு வரைபடத்தை நம்புவது. பதினேழாம் நூற்றாண்டிலேயே நேவி போர்டு மாதிரிகள் ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1/48 என்ற கணக்கில் செய்யப்பட்டன. கீழ்ப்பலகைகளை மூடாமல் விலாச்சட்டம் தெரியும்படி விடுவார்கள். அந்த மாதிரிகளில் பலவும், பிற்காலத்து வரைபடங்களும் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைபடங்களில் இரண்டு சாதி. ஒன்று கட்டுவதற்கு முன் போட்டது. நினைத்தது அதில் இருக்கும். மற்றொன்று கட்டி முடித்தபின், உள்ளது உள்ளபடி அளந்து போட்டது. மாதிரி செய்பவருக்கு வேண்டியது இரண்டாவது. அதிலும் ஒரு சூட்சுமம்: கப்பல் பழுதுபார்ப்புக்கு வந்து போகும்போதெல்லாம் அதே தாளில் வேறு நிற மையால் மாற்றங்களைக் குறித்துவைப்பார்கள். ஒரு தாளில் பல வருஷங்கள் மேல்மேலாகக் கிடக்கும். எந்த மை எந்த வருஷம் என்று பிரிக்கத் தெரியாதவர் ஒருபோதும் இருந்திராத கப்பலைக் கட்டிவிடுவார்.

அமெரிக்க மரபு புகைப்பட மரபு. எனக்குப் பிடித்ததும் அதுதான். கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளம் போன்ற இடங்களில், பழுதுபார்த்து அனுப்பும் முன் கப்பலைப் பல கோணங்களில் படம் எடுத்து, புதிதாக மாற்றிய இடங்களில் வெள்ளை வட்டம் போட்டுத் தேதியும் எழுதிவைத்தார்கள். நமக்காகச் செய்ததல்ல, கடற்படையின் கணக்குக்குச் செய்தது. அந்தப் படங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் தேசிய ஆவணக்காப்பகத்தில் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஃப்ளெட்சர் வகுப்பில் மட்டும் 175 நாசகாரிக் கப்பல்கள் கட்டினார்கள். முதலில் கட்டியவற்றில் பாலம் என்னும் கட்டளைமேடைக்கு வட்ட முகப்பு, பின்னால் கட்டியவற்றில் சதுர முகப்பு. 1945இல் தற்கொலை விமானங்களுக்கு அஞ்சிச் சிலவற்றில் டார்பிடோக் குழாய்களைக் கழற்றி விமான எதிர்ப்புப் பீரங்கியைக் கூட்டினார்கள். இந்தக் கூட்டத்தில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அந்த வெள்ளை வட்டங்கள்தான்.

படம் பொய் சொல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகித்து, அதற்காக நண்பர்களோடு சண்டையும் போட்டவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் கடற்படையின் 507ஏ, பி, சி என்ற மூன்று சாம்பல்களைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஜப்பானில் குரே, சசெபோ, மைசுரு, யோகோசுகா என்று ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சாம்பல். நிறத்துக்குக் கடற்படையின் எழுத்து உத்தரவே மேல். படம் அதற்குத் துணைச்சாட்சி.

ஜப்பானிய மரபு இல்லாமையிலிருந்து பிறந்தது. 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது கடற்படை ஆவணங்களைக் குவித்து எரித்தார்கள். யமாட்டோ போன்ற ராட்சதக் கப்பலுக்கே நல்ல படங்கள் கொஞ்சந்தான். கடற்படைக் கப்பல் பொறியாளரான ஃபுக்குயி ஷிசுவோ தேடிச் சேர்த்த படங்களும் வரைபடங்களும் இல்லாவிட்டால் அந்த நாட்டு மாதிரிக் கலை பாதிக்குமேல் கற்பனையாகவே நின்றிருக்கும். அந்தச் சேகரம் குரேயில் 2005இல் திறந்த யமாட்டோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும் 1/10 யமாட்டோவே 26.3 மீட்டர் நீளம்! மிச்சத்தைக் கடலடியில் தேடினார்கள். முகப்பிலிருந்த செவ்வந்திப்பூச் சின்னம் ஒன்றரை மீட்டர் அகலம் என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1999இல் சிதைவை ஆராய்ந்தபோது ஒரு மீட்டர்தான் என்று தெரிந்தது. 1/350 அளவில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காகவும் பழைய சின்னத்தைச் சுரண்டி எடுத்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது.

பிரான்சில் ஜான் பூத்ரியோ 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்காகவே நான்கு தொகுதிகள் எழுதினார். பாய்மரக் கப்பல் செய்வோருக்கு அதுவே வேதம். போலந்துக்காரர்களின் பலம் கோட்டோவியம். யானுஷ் ஸ்குல்ஸ்கி 1988இல் யமாட்டோவுக்கு வரைந்த புத்தகம் உலகமெங்கும் மேசைகளில் விரிந்து கிடந்தது. இந்த ஓவியங்களின் அழகே ஆபத்தும்கூட. அளந்து வரைந்த கோடும் ஊகித்து வரைந்த கோடும் தாளில் ஒரே கனத்தில் இருக்கும். ஒருவர் ஊகித்ததை அடுத்தவர் பார்த்து வரைவார், மூன்றாமவர் அதைப் பித்தளைத் தகட்டு உதிரியாகவே செய்துவிடுவார். மூன்று புத்தகம் ஒத்துப்போவதால் மூன்று சாட்சி ஆகிவிடாது.

நேரில் போய்ப் பார்க்கக் கப்பலே இருக்கிறதே என்பார்கள். லண்டனில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் என்ற குரூஸர் 1956 முதல் 1959 வரை உருமாற்றப்பட்டது. பாலம் புதியது, உலகப்போர் முகம் அதில் இல்லை. பாட்டன் ரூஜில் நிற்கும் கிட் என்ற ஃப்ளெட்சரோ 1945 கோலத்துக்கு மீட்கப்பட்டது; அதைச் சுற்றிவந்து படமெடுத்தால் அந்த ஆண்டுக்குப் பயன்படுத்தலாம்.

நம்மவர் பலர் செய்ய நினைப்பது பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். மும்பையில் அருங்காட்சியகமாக 2012 வரை நின்று, 2014இல் உடைக்கப்பட்டது. பார்வையாளர்கள் எடுத்த படங்கள் குவிந்து கிடக்கின்றன. 1971 வங்காள விரிகுடாப் போரின் விக்ராந்துக்கு அவை உதவாது. எண்பதுகளின் கடைசியில் கப்பலில் விமானத்தை உந்திவிடும் நீராவிக் கவண் போய், முன்தளம் மேல்நோக்கி வளைந்துவிட்டது. 1945இல் ஹெர்குலிஸ் என்ற பெயரில் நீரில் இறக்கப்பட்டபோதைய வரைபடமும் ஆகாது. 1961இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டி முடித்தபோதுதான் கோணமாகத் திரும்பிய ஓடுதளம் வந்தது. தேதி எழுதாத படம் கிடைத்தால் தளத்து விமானங்களைப் பாருங்கள். ஸீ ஹாரியர் நின்றால் 1983 இறுதிக்குப் பிந்தியது, ஒதுக்கிவிடலாம். ஸீ ஹாக் வரிசையாக நின்றால் லென்ஸை எடுத்து, முன்தளத்தில் கவணின் தடம் எங்கே ஓடுகிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.