கைத்தோட்டா மரபும் ஐந்து குண்டு அளவுகோலும்

வெள்ளிவிழா மலருக்கு நம் மரபைப் பற்றி எழுதும்படி தலைவர் பணித்தார்கள். பெரியவர் சொல்லைத் தட்ட முடியவில்லை. டை, ப்ரைமர் என்றெல்லாம் நம் உறுப்பினர்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகிவிடும். நேரே தோட்டா நிரப்பும் வழிகளுக்கு வருகிறேன்.

மூத்தது ஹாரி போப் வழி. ஈயக் குண்டைக் குழல் வாயிலிருந்து இறக்கி, மருந்து நிரப்பிய கூட்டைப் பின்புறமாகச் செருகுவார்கள். அந்த நாளைய ஷூட்ஸன்காரர்கள் ஒரே பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பியே போட்டியை முடித்தவர்கள். கூட்டுக்குக் கூடு வேறுபடும் தொல்லையே அவர்களுக்கு இல்லை.

அடுத்தது வில்லியம்ஸ்போர்ட் 1,000 கெஜக்காரர்கள். அந்தத் தூரத்தில் வேகம் சிறிது மாறினாலும் இலக்கில் மேலும் கீழுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மருந்தைத் துணுக்குத் துணுக்காக எடை போடுகிறார்கள். அவர்கள் தூரத்துக்கு அது சரி.

நம்முடையது 100, 200 கெஜ பெஞ்ச்ரெஸ்ட். பால்மிசானோவும் பிண்டெல்லும் 1970களில் 6 பிபிசி தோட்டாவைத் தந்த வழி. டெக்ஸஸில் என் ஆசான் தராசைக் களத்துக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அளப்பானின் கைப்பிடியை ஒரே வேகத்தில் ஏற்றி இறக்குவார், அவ்வளவுதான். ஆனால் கூட்டின் கழுத்தைக் கடைவதில் ஈவிரக்கம் கிடையாது. தடிப்பு அங்குலத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு பிசகினாலும் அந்தக் கூடு குப்பைக்கு. குண்டு மரையைத் தொட்டு நிற்கும்படி அமர்த்துவார். வெயில் ஏறினால் மருந்தளவைச் சற்றே மாற்றி அங்கேயே நிரப்புவார். ஒவ்வொரு குண்டுக்கு முன்னும் காற்றுக் கொடிகளைப் பார்ப்பார்.

இன்று சிலர், நம் மன்றத்தார் அல்லர் என்றே வைத்துக்கொள்கிறேன், விலையுயர்ந்த மின்தராசு வாங்குகிறார்கள். ஒரு கொடிகூட நடுவதில்லை. மூன்று குண்டு சுட்டு, நன்றாக விழுந்த அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா. ஐந்து குண்டு சுட்டால் குரூப் சராசரியாகக் கால்பங்குக்கு மேல் விரியும். இது கணக்கு, என் பொறாமை அன்று. நான்காவது குண்டுக்கு அஞ்சுகிறவர் எதற்காகக் கழுத்துக் கடைய வேண்டும்? கடைத் தோட்டாவே போதுமே! அடுத்தவர் துப்பாக்கிக்குக் கண்ட மருந்தளவை அப்படியே எடுத்து நிரப்புவது இன்னும் மோசம். அழுத்தம் மிஞ்சினால் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. இதைக் கேட்பாரில்லை. நடுவர்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அறிவிப்புப் பலகையில் ஐந்து குண்டு அட்டைகள், அவையும் தொடர்ந்து சுட்ட ஐந்து அட்டைகளின் சராசரியாக மட்டுமே இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவிடம் முன்பே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தலைவர் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.