ஏறுதல்: மடலிலிருந்து எஸ்யூவி வரை

மடலேறுதலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். காதல் கைகூடாத ஆண், பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, ஊர்த்தெரு நடுவே அதில் ஏறி வருவான். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது ஓர் உரிமை. தன் துயரத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஊரைக் கூட்டி நியாயம் கேட்கும் உரிமை. பெண்ணுக்கு அது இல்லை என்று தொல்காப்பியம் விலக்கி வைத்தது. எவ்வளவு துன்பம் வந்தாலும் மடலேறாமல் இருப்பதைப் பெண்ணின் பெருமை என்று குறளின் தலைவன் பேசுகிறான். கடல்வழிச் செல்லும் ஆண் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கமில்லை என்பதும் அகத்திணையியல் தரும் செய்தி. தேருக்கு அப்படி வெளிப்படையான விலக்கு இல்லை, தேவைப்படவும் இல்லை. வினைமுடித்துத் திரும்பும் தலைவன் பாகனை விரைவுபடுத்துவான். தலைவி வீட்டில் மணியோசைக்குக் காத்திருப்பாள். உடன்போக்கில் அவள் பாலையைக் கடப்பாள், அதுவும் நடந்து.

‘ஏறுதல்’ நம் மரபில் ஆண்பால் வினை என்பேன். இந்த வினையை நான் ஏட்டில் மட்டும் வாசிக்கவில்லை. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் படவேட்டிலுள்ள அம்மா வீட்டுக்கு வாராவாரம் ஒரு ஸ்கார்ப்பியோ-என் ஓட்டிக்கொண்டு போகிறேன். 4.66 மீட்டர் நீளம், 1.92 மீட்டர் அகலம், 1.86 மீட்டர் உயரம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, ஃபுட்போர்டில் கால்வைத்து, மேலே உள்ள கைப்பிடியைப் பற்றி ஏறுகிறேன். கடன் என் பெயரில், ஆர்.சி. என் பெயரில். வாங்கப் போன இடத்தில் விற்பனைப் பையன் எஞ்சினைப் பற்றி முழுக்க என் கணவரிடம்தான் விளக்கினான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் பக்கம் திரும்பியபோது சீட் கவரின் நிறத்தைக் கேட்டான்.

இந்த வண்டி தெருவில் என்ன பொருள் தருகிறது என்பதை நம் சினிமா முன்பே எழுதிவிட்டது. 1994இல் டாடா சுமோ வந்தது. அந்த நிறுவனத்தின் சுமந்த் மூல்காவ்கர் என்ற பொறியாளரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் ‘சுமோ’. நம் ஊர்த் திரையிலோ அது அடியாட்களின் வண்டி. நான்கு சுமோ புழுதி கிளப்பி வந்தால் வில்லன் வருகிறான் என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வண்டிக்குள் பெண் ஏறும் காட்சி எது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடத்தப்படும் காட்சிதான். பிறகு ஸ்கார்ப்பியோவும் ஃபார்ச்சூனரும் வந்தன. முன்னால் கட்சிக்கொடி, கண்ணாடியில் தலைவர் படம், பின்னால் சாதியைச் சொல்லும் வாசகம். உயரம், அகலம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து ‘ஒதுங்கு’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன.

அந்தச் சொல்லை இன்று என் வண்டியும் சொல்கிறது. முன்பு சிறிய கார் வைத்திருந்தேன். சந்தவாசல் சாலையில் எதிரே வரும் லாரி விளக்கை அணைக்காது. பின்னால் வரும் பைக்குகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துப் போகும். இப்போது லாரி ஒதுங்குகிறது, பைக்குகள் தள்ளி வருகின்றன. இரவு எட்டு மணிக்குத் தனியாகத் திரும்பும்போது முதுகு விறைப்பதில்லை. இந்த நிம்மதி பொய்யில்லை. நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் கண்ணாடி ஏறியிருக்கும் வரைதான் இது நிலைக்கிறது. பெட்ரோல் பங்கில் கண்ணாடியை இறக்கியதும் முதல் கேள்வி: “டீசலா மேடம்? சார் வரலீங்களா?” சாலை ஒதுங்கியது எனக்காக அல்ல, உள்ளே இருப்பதாக அது நினைத்துக்கொண்ட ஆணுக்காக. அவனுடைய மரியாதையை நான் இரவல் வாங்கி ஓட்டுகிறேன்.

வண்டியின் உட்புறமும் அவன் அளவில்தான் தொடங்குகிறது. மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகளாக உட்காரவைக்கப்பட்ட பொம்மை, 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஆண். பெண் பொம்மை என்று இருந்தது அதைச் சுருக்கியதே: சுமார் 150 சென்டிமீட்டர், 49 கிலோ. சராசரிப் பெண்ணுடலை அளந்து, பின்மோதல் சோதனைக்கான பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு அறிமுகப்படுத்தியது 2022இல்தான். சீட் பெல்ட் போட்ட ஓட்டுநர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு 47 விழுக்காடு அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2011இலேயே சொல்லியிருந்தது. பெடல் எட்ட நான் இருக்கையை முன்னால் தள்ளுகிறேன். மார்பு ஸ்டியரிங்கை நெருங்குகிறது. உறுதியான வண்டி என்று சொல்லும்போது யாருடைய எலும்பை வைத்து அந்த உறுதியை அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

வடிவமைப்பில் பெண்கள் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்பார்கள். 2011இல் வெளிவந்த மஹிந்திரா எக்ஸ்யூவி500ஐ வடிவமைத்த குழுவின் தலைவர் ராம்கிருபா அனந்தன் என்ற பெண். பாயத் தயாராகும் சிவிங்கிப் புலியை மனத்தில் வைத்து உருவான வடிவம் அது. ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது பெரிய செய்தி, கொண்டாடத் தக்கது. ஆனால் சந்தை கேட்பது பாய்ச்சலையும் மிரட்டலையும் என்றால், வரையும் கை யாருடையதாக இருந்தாலும் முகப்பு உறுமத்தான் செய்யும்.

உறுமும் இந்த வண்டி பல வீடுகளுக்கு வருவது கல்யாணத்தின் வழியாக. இந்த இடத்தில் படவேட்டுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இது; பின்பு விஜயநகர ஆட்சியில் படைவீட்டு ராச்சியம் என்று பெயர் பெற்றது. 1425ஆம் ஆண்டு, இந்த ராச்சியத்துப் பிராமணர்கள் கூடிச் செய்த ஓர் ஒப்பந்தம் விரிஞ்சிபுரம் கோயிலில் கல்வெட்டாக நிற்கிறது. இனித் திருமணம் கன்னியாதானமாக மட்டுமே நடக்க வேண்டும். பெண்ணுக்காகப் பொன் கொடுப்பவரும் வாங்குபவரும் அரச தண்டனைக்கு உரியவர், சாதிக்குப் புறம்பானவர் என்கிறது அது. வரதட்சிணை ஒழிப்புக்கு முன்னோடி என்று இதைப் பாராட்டிக் கேட்டிருக்கிறேன். உன்னிப்பாகப் படித்தால் அது தடுத்தது பெண்ணுக்கு விலை வாங்குவதை. பெண்ணைத் தானப்பொருள் ஆக்கியதை அது உறுதிசெய்தது. தானம் வெறுங்கையோடு போகாது, தட்சிணை சேர்ந்துதான் போகும். அறுநூறு ஆண்டு கழித்து அந்தத் தட்சிணைக்கு நான்கு சக்கரம் முளைத்திருக்கிறது.

1961இலேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. பெண் வீட்டார் பணத்தில் வாங்கிய வண்டியின் ஆர்.சி. எத்தனை வீடுகளில் பெண்ணின் பெயரில் இருக்கிறது? 2021இல் கேரளத்தில் இளம்பெண் ஒருவர் கணவன் வீட்டில் இறந்துகிடந்தார். சீராகக் கொடுத்த கார் கணவனுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தக் கொடுமையின் மையத்தில் இருந்தது. அவன் மோட்டார் வாகனத் துறையிலேயே அதிகாரி. 2022இல் கொல்லம் நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. என் மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்துவதில்லை. உங்கள் அப்பா வாங்கும் காரின் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன்.

இனி வண்டிக்கு வெளியே இருப்பவர்கள். ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனவள், நீரில் தெரிந்த ஒரு நிழலைப் பார்த்தாள். அதற்காகக் கணவன் சொல்ல, மகன் தலையை வெட்டினான். அந்தத் தலையைத்தான் இங்கே கும்பிடுகிறோம். வெளியே போனவளைச் சந்தேகித்த கதை அது. அவளைக் கும்பிட வரும் பெண்களுக்கு நடக்க ஓர் ஓரம்கூடச் சாலையில் இல்லை. அவர்களுக்கு நடுவே என் வண்டி ஊர்ந்துபோகும்போது பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறுமி எனக்குத் தெரியமாட்டாள். பானெட் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள காரைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. என்னைக் காக்கும் உயரம் அவளுக்கு ஆபத்து.

வாழையிலைக் கட்டோடு நின்ற பாட்டியை ஒருநாள் ஏற்றிக்கொண்டேன். “இன்னா டீச்சரம்மா, ஏணி வெச்சாத்தான் ஏற முடியும் போல கீதே” என்றார். ஏறி உட்கார்ந்ததும் வெளியே பார்த்து, “எல்லாரும் சின்னதாத் தெரியறாங்க” என்றார். எஸ்யூவி பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர்ப் பக்கம், 2022 ஏப்ரல் 2ஆம் தேதி செம்பரைக் கோயிலுக்குப் போன சரக்கு வேன் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். சரக்கு ஏற்றும் தட்டில் அவர்கள் ஏறியது ஆசைப்பட்டு அல்ல, மலையேற வேறு வண்டி இல்லாததால். மலையேறத் திறனுள்ள வண்டி என்ற விளம்பரத்தில் வரும் மலை வேறு, இவர்கள் மலை வேறு.

ஆகவே, பெண் பெரிய வண்டி ஓட்டுகிறாள் என்பதை மட்டும் விடுதலையாக எழுத எனக்குக் கை வரவில்லை. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்த வசந்தகுமாரியை நினைத்துக்கொள்கிறேன். எந்த எஸ்யூவியையும் விட உயரமான இருக்கை அது. ஆனால் அவர் அங்கே ஏறியபோது பின்னால் ஒரு பேருந்து நிறையப் பேர் ஏறினார்கள். என் வண்டியில் ஏழு இருக்கை இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் ஆறு காலி.

மடலேறக் கூடாது என்ற விதியை நாம் உடைத்தாகிவிட்டது. மடலேறியவன் உயரத்தில் இருந்தாலும் ஊரார் கண்முன் வெளிப்பட்டு நின்றான், ஊரிடம் எதையோ கேட்டான். கறுப்புக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஒதுங்கு என்று சொல்வதற்கு நாம் ஏறவில்லை. கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன: நடக்க ஓரமுள்ள சாலை, மலைக்குப் போய்வரும் பேருந்து, நம் உடலை அளந்து செய்த இருக்கை, நம் பெயரில் ஆர்.சி. அவற்றைக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் கேட்க முடியும்.