ஆட்டம் கொடுக்கும் கேரவன் படி

கேரவனில் அதிகம் மிதிபடுவதும், வாங்கும்போது யாரும் குனிந்து பார்க்காததும் ஏறும் படிதான். ஃபோர்ஸ் டிராவலர் சேசிஸில் பாடி கட்டிய கேரவன் ஒன்று ஜவ்வாது மலையில் சில வாரம் ஓடியதில் எஞ்சின், ஏசி, படுக்கை பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுகளில் வண்டி திணறவே இல்லை. கதவுக்குக் கீழே மடிந்து நீளும் இரட்டைப் படி மட்டும் முதல் வாரமே ஆட ஆரம்பித்தது. உள்ளே மெத்தைக்கும் மரவேலைக்கும் வாரி இறைக்கும் பாடி பட்டறைகளின் கஞ்சத்தனம் தெரியும் இடம் இது.

அதே மலையில் உள்ள காவலூரில் இந்த ஆட்டம் ஆபத்தாகவே ஆகிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கும் ஊர் அது. அந்தப் பக்கம் இரவு தங்கி வானம் பார்ப்பவர்கள் படி விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். காலால் துழாவி இறங்குபவருக்குப் படி சற்றே சாய்ந்தாலும் கணுக்கால் பிசகும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் படியில் நின்று அசைய, இன்னொருவர் டார்ச்சுடன் அடியில் பார்த்தால் போதும். வண்டியே சாய்ந்தால் காரணம் சஸ்பென்ஷன். படியைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் முழுதும் அசைந்தால் அதைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது மேலே உள்ள பிளைவுட் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். பலகை மட்டும் அசைந்தால் மூட்டு ரிவெட் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் இதுதான். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மூட்டுகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் பிளே வந்தாலே, நாற்பது சென்டிமீட்டர் நீளும் பலகையின் நுனியில் அது எட்டு மில்லிமீட்டராகிவிடும்.

ரிவெட்டை மறுபடி அடித்து இறுக்குவது சில நாள் வைத்தியம். அதைத் துளையிட்டு எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் பித்தளை புஷ் கடைந்து போட்டு, 8.8 கிரேடு எம்10 போல்ட்டும் நைலான் வைத்த லாக் நட்டும் மாட்ட வேண்டும். பட்டைகளுக்கு நடுவே வாஷர் அவசியம். பலகை மடங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். சட்டத்தைத் தாங்கும் போல்ட்டுக்கு மேல்பக்கம் அகலமான இரும்புத் தகடு வைத்தால் பாரம் ஒரே இடத்தில் விழாது. ஊறிய பிளைவுட்டை மாற்றாமல் அதைச் செய்வது வீண். சேசிஸ் நீளச் சட்டத்தில் நேராக வெல்டிங் வைக்கக் கூடாது, சூடு பட்ட இடம் பலம் குறையும். வேறு எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும்.

நிறுத்திய பிறகு படிக்கு அடியில் கொடுக்கும் திருகு ஸ்டாண்ட் நல்ல துணை, ஆனால் அதைப் பலரும் தவறாகத்தான் வைக்கிறார்கள். ஆட்கள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கி பாடி கீழே இறங்கும். காலியாக இருக்கும்போது ஸ்டாண்டை முட்டக் கொடுத்திருந்தால், இறங்கும் வண்டியின் பாரம் படி மூட்டில் விழும். எதைக் காப்பாற்ற வைத்தார்களோ அதுவே வளையும். முதலில் சக்கரத்துக்குக் கட்டை, பிறகு மூலை ஜாக், எல்லோரும் உள்ளே போனபின் கடைசியாக ஸ்டாண்ட். மழை பெய்த மண்ணில் அதற்கு அடியில் பலகை போட வேண்டும். கல் வைத்தால் உருண்டுவிடும்.

மூட்டில் கிரீஸ் அப்பினால் மலைப்பாதைப் புழுதி ஒட்டி உப்புத்தாளாகி புஷ்ஷைத் தின்றுவிடும். உலர்ந்தபின் ஒட்டாத ஸ்ப்ரே போதும். மோட்டார் படியாக இருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் இணைப்பு கட்டாயம். நீட்டிய படியோடு கிளம்பிய வண்டி முதல் மைல்கல்லிலேயே அதை இழக்கும். நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டுவைத்தால், மலை இறங்கியதும் ஸ்பானர் இல்லாமலே எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும்.