எல்லைப்புற அரங்கில் வேடமும் மொழியும்: பாலக்காடு, இடுக்கி நிகழ்த்துநர் உரையாடல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாடகக் கலைஞரைச் சந்திக்கும் ஆய்வாளரும் இதழாளரும் தவறாமல் கேட்கும் வினாக்கள் மூன்று. எந்த வயதில் மேடையேறினீர்கள்? எந்தெந்த வேடங்களை ஏற்றீர்கள்? அவற்றுள் உங்கள் மனத்திற்கு நெருக்கமானது எது? இவ்வினாக்கள் எந்த அரங்கிற்கும் பொருந்துவன போலத் தோன்றினும், இவை கம்பெனி நாடகக் காலத்தில் உருவானவை. வேடம் என்பது தனியொருவர்க்கு உரியது, மேடை என்பது பார்வையாளர் முன் அமைவது, மேடைமொழியும் வீட்டுமொழியும் ஒன்றே என்னும் மூன்று கருத்துகள் இவற்றின் அடியில் உள்ளன.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் வழங்கும் நிகழ்த்துகலைகளுக்கு இம்மூன்றும் பொருந்துவதில்லை. இங்கு வீட்டில் மலையாளம் பேசும் ஒருவர் அரங்கில் தமிழ் பேசுகிறார். ஆகவே அவர் முதலில் ஏற்கும் வேடம் இராமனோ கோவலனோ அன்று. தமிழே அவர் ஏற்கும் முதல் வேடம். இதனைக் கருதாது நிகழ்த்தப்படும் உரையாடல்கள் கலைஞரின் வாழ்க்கையைப் பதிவு செய்யும்; அவருடைய கலையைத் தவறவிடும். இக்கருத்தை எல்லைப்புறக் கலைவடிவங்கள் மூன்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையின் பின்புலம்

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தின் பகுதியாயிற்று. அதனை அடுத்த சித்தூர் முன்னர்க் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கேரளத்திற்குச் சென்றன; 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்துள் அவை அடங்கின. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் கூத்துகளின் மொழி உடனே மாறிவிடவில்லை. எனினும் அவற்றை ஆராயும் கல்விப்புலங்கள் பிரிந்தன. தமிழ்த்துறைகள் அவற்றைக் கேரள நாட்டார் கலைகள் என ஒதுக்கின. கேரள ஆய்வுகளோ அவற்றின் தமிழைப் பழங்கலப்பு என்று குறித்துவிட்டுக் கடந்து சென்றன. இரு புலங்களின் இடையே விடுபட்டுப் போனது கலைஞரின் சொல்லாகும்.

வேடமே பெயரான மரபு

ஒப்பீட்டிற்குத் தமிழக மரபை முதலில் நோக்கலாம். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சிறுவனாகச் சேர்ந்த தி. க. சண்முகம், 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கிறார். அவரும் எல்லைப்புறத்தோடு தொடர்புடையவரே, திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஔவையார் வேடம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ‘அவ்வை’ என்னும் அடைமொழி அவர் பெயரோடு நிலைத்தது. ஏற்ற வேடம் ஏற்றவரின் பெயராகிவிடும் இம்மரபில் ‘உங்களுக்குப் பிடித்த வேடம் எது’ என்னும் வினா பொருளுடையதே.

ஸ்பெஷல் நாடகத்திலும் இதுவே நிலை. அதில் நிலையான குழுவும் இல்லை, ஒத்திகையும் இல்லை. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் அன்றிரவு மேடையில் கூடுவர். இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவர்க்கும் உரிய பங்கு முன்னரே உறுதிப்பட்டிருப்பதாலேயே ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகம் தடையின்றி நடக்கிறது.

இந்நடிகர்களிடையே மதுரையில் கள ஆய்வு செய்த சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல், உரையாடல் முறையில் ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. அவர் வேடங்களைப் பற்றி மட்டும் கேட்டு நிற்கவில்லை. நடிகையர் நாடகத்திற்கு எவ்வாறு பயணம் செய்கின்றனர், ஊராரின் பார்வையை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பனவற்றையும் ஆராய்ந்தார். மேடைக்கு வெளியே செல்லும் வழியிலும் நடிகை தன் மதிப்பைக் காக்கும் ஒரு நடிப்பை மேற்கொள்ள வேண்டியிருப்பது அதனால் வெளிப்பட்டது. மேடையை விட்டுச் சற்று விலகிக் கேட்ட வினா மேடையைப் பற்றியே புதிய செய்தியைத் தந்தது. எல்லைப்புற ஆய்வுக்கும் இத்தகைய வினாமாற்றம் தேவைப்படுகிறது.

தோல்பாவைக்கூத்து: வேடமில்லாத நடிகர்

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்திரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்த்தப்படுகிறது. இதற்கெனக் கோயில் வெளியில் கூத்துமாடம் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். திரையின் பின்னே 21 விளக்குகள் எரியக் கம்பராமாயணம் இரவு முழுவதும் நிகழும். ஏழு இரவுகளில் முடிவதும் உண்டு; 21, 41 இரவுகள் என நீள்வதும் உண்டு. தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணாது போன காளிக்காக இது நிகழ்த்தப்படுகிறது என்பது மரபுக்கதை.

இதனை நிகழ்த்துவோர் நடிகர் என அழைக்கப்படுவதில்லை, புலவர் எனப்படுகின்றனர். கம்பன் பாடலைப் பாடுவதும் அதற்கு உரை விரிப்பதும் அவர்தம் பணி. ஓரிரவில் இராமனுக்குக் குரலாகும் ஒருவர் பிறிதோர் இரவில் இராவணனுக்கும் குரலாவார். எனவே, ‘எந்த வேடம் ஏற்றீர்கள்’ என்னும் வினாவிற்கு இவரிடம் விடை இருப்பதற்கில்லை. ‘எந்தக் காண்டம் வரை பாடம் செய்தீர்கள், யாரிடம் செய்தீர்கள், எந்தப் பாடலின் உரை உமக்குக் கடினமாக இருந்தது’ என்று கேட்பதே பொருந்தும். ஒரு புலவரின் கலைவாழ்க்கை என்பது அவர் ஏற்ற பாத்திரங்களின் வரிசையில் இல்லை; அவர் மனத்தகத்தே கொண்ட பாடல்களின் அளவிலும் உரையின் ஆழத்திலும் உள்ளது.

1980களில் இக்கூத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் நூலை 1996இல் வெளியிட்டார். பல இரவுகளில் திரையின் முன் பார்வையாளர் எவரும் இல்லாத நிலையைக் கண்ட அவர், கூத்துமாடத்தின் உள்ளே சென்று புலவர்களோடு அமர்ந்தார். ஒரு புலவர் பாவையின் வழியே ஐயம் எழுப்ப, மற்றொருவர் விளக்கம் கூற, பாத்திரங்களின் பேச்சு புலவர்களின் பேச்சாகவே விரிவதை அவர் எடுத்துக்காட்டினார். கேட்போர் வெளியே இல்லாதபோது நிகழ்த்துவோரே ஒருவர்க்கொருவர் கேட்போராகின்றனர். உரையாடல் இங்குக் கலையைப் பற்றிய பிற்காலப் பேச்சு அன்று; அதுவே கலையாக உள்ளது.

கம்பனில் இல்லாத பகுதிகளும் கூத்தில் இடம்பெறுகின்றன. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் இலக்குவனால் கொல்லப்படும் நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. கம்பன் காட்டும் சூர்ப்பணகை காமத்தால் வருகிறாள். கூத்திலோ அவள் மகனை இழந்த தாயாகவும் வருகிறாள். இம்மாற்றத்தைப் ‘பிற்சேர்க்கை’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்குவது எளிது. ஆயின், அப்பகுதியில் புலவர் தம் குரலை எவ்வாறு மாற்றுகிறார், அவளுடைய புலம்பலுக்கு எத்துணை நேரம் ஒதுக்குகிறார், அதனை முறையான பாடம் என்று கருதுகிறாரா, கதைவிரிவு என்று கருதுகிறாரா என்பனவற்றைக் கேட்டால் மட்டுமே அம்மாற்றத்தின் பொருள் துலங்கும்.

மொழி குறித்த மதிப்பீட்டிற்கும் இது பொருந்தும். புலவர்களின் தமிழில் மலையாள ஒலிப்பும் சொல்லும் கலந்திருத்தல் இயல்பு. அதனைச் சிதைந்த தமிழ் என்று கூறும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. இம்மதிப்பீடு ஏட்டுச்சுவடியை அளவுகோலாகக் கொண்டு வாய்மொழியை அளப்பதால் எழுவது. கம்பராமாயணப் பதிப்புகள் பலவும் பாடவேறுபாடுகளைத் தொகுத்துத் தந்துள்ளன. அங்கே பாடவேறுபாடு என்று மதிக்கப்படும் ஒன்று, புலவர் வாயில் வரும்போது மட்டும் பிழையென்று கொள்ளப்படுவது முறையன்று. பிழை உண்டெனினும், அது நேர்ந்த இடத்தைப் புலவரே எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது ஓர் உரைகாரரின் சான்றாக ஏற்கத்தக்கது.

இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுசென்றவருள் முதன்மையானவர் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925-2000). அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காந்தியின் வரலாறு பாவைக்கூத்தாகியுள்ளது; பெண்கள் மட்டுமே நிகழ்த்தும் குழுவும் உருவாகியுள்ளது. இவை வரவேற்கத்தக்க வளர்ச்சிகளே. ஆயினும் மேடைக்கென ஒரு மணி நேர அளவில் சுருங்கும் நிகழ்த்துதலில் முதலில் விடுபடக்கூடியது பாடல்களுக்கான தமிழ் உரையே. பாவைகள் எஞ்சும், கதை எஞ்சும், விளக்கும் எஞ்சும். இரவு முழுவதும் நீளும் சொல்லாடலுக்கு அங்கே இடமில்லை. விருதுகளையும் வெளிநாட்டுப் பயணங்களையும் பற்றி மட்டும் வினவும் நேர்காணல்கள் இவ்விழப்பைக் கண்டுகொள்வதில்லை.

பொறாட்டு நாடகம்: அரங்கினுள் ஒரு வினாக்காரர்

பாலக்காட்டு வயல்வெளிச் சிற்றூர்களில் பாணர் சமூகத்தார் நிகழ்த்தும் பொறாட்டு நாடகம் மற்றொரு நிலையைக் காட்டுகிறது. குறவன்-குறத்தி, வண்ணான்-வண்ணாத்தி, செறுமன்-செறுமி எனப் பாத்திரங்கள் பெரும்பாலும் இணைகளாக வருவர், தாசியும் வருவாள். பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்பது மரபு. பாட்டிலும் பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

இந்நாடகத்தில் ‘சோத்தியக்காரன்’ எனப்படும் வினாக்காரர் தொடக்கம் முதல் இறுதிவரை அரங்கில் இருப்பார். அரங்கினுள் வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய் என்று கேட்பவர் அவரே. அவ்வினாக்களுக்குப் பாட்டாலும் ஆட்டத்தாலும் பாத்திரம் தரும் விடையே நாடகமாக வளர்கிறது. கதையைத் தொடுப்பவரும் நகை விளைப்பவரும் அவரே ஆவார்.

நேர்காணல் செய்யும் ஆய்வாளர் இவரை உற்றுநோக்குதல் வேண்டும். சோத்தியக்காரர் முன்கூட்டி எழுதிய வினாப்பட்டியலோடு நிற்பவர் அல்லர். விடையைப் பற்றிக்கொண்டு அடுத்த வினாவை எழுப்புபவர். வந்தவரின் மொழியிலேயே அவரை மடக்குபவர். நம் கள ஆய்வு வினாநிரல்கள் பலவற்றிலும் இந்நெகிழ்ச்சி இல்லை.

இங்கு வேடம் பற்றிய வினா சாதி பற்றிய வினாவாகவும் மாறுகிறது. ஒரு சமூகத்தார் பிற சமூகத்தாரை அரங்கில் ஆடிக்காட்டுகின்றனர். அது பகடியா, பரிவா, அன்றி இரண்டும் கலந்ததா என்பது ஆட்டத்தைப் பார்த்த அளவில் முடிவு செய்யத்தக்கது அன்று. ஆடிக்காட்டப்படும் சமூகத்தார் எதிரே அமர்ந்திருக்கும் ஊரில் எந்தச் சொல் விடப்படுகிறது, எந்த இடத்தில் தமிழ் மலையாளமாகிறது, எந்தப் பாட்டு இன்று பாடப்படுவதில்லை என்று கேட்டல் வேண்டும். கலைஞரின் மௌனமும் இங்கு ஒரு சான்றாகும். ஒரு பாத்திரத்தைக் கைவிட்டமைக்கு அவர் கூறும் காரணம், ஏற்ற பாத்திரங்களின் பட்டியலைவிட அவ்வூரின் சமூக வரலாற்றை மிகுதியாகச் சொல்லும்.

மன்னான் கூத்து: கடமையாகிய வேடம்

பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து தெற்கே இடுக்கி மலைப்பகுதிக்கு வரும்போது சூழல் வேறாகிறது. கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு அரச மரபைப் பேணிவரும் மன்னான் பழங்குடியினர் தம் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தோர் என்பர். அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கியது. அறுவடையை ஒட்டிய காலவூட்டு விழாவில் இவர்கள் நிகழ்த்தும் கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பொருளாகக் கொண்டது.

இங்கு நிகழ்த்துநர்க்குத் தொழில்முறை வாழ்க்கை என ஒன்று இல்லை. கூத்து குடியின் கடமை, விழாவின் உறுப்பு. ‘உங்கள் நாடக வாழ்க்கை’ என்னும் தொடரே இங்கு அயலானது. யாருக்கு எந்தப் பங்கு உரியது, அது தந்தையிடமிருந்து வந்ததா, குடித்தலைமையால் தரப்பட்டதா, பாட்டை மறந்தால் யார் எடுத்துக்கொடுப்பார் என்பனவே இங்குக் கேட்கத்தக்கவை.

கதையின் மூலம் பற்றிய சிக்கலும் இங்கு எழுகிறது. கோவலன் கதை தமிழகத்தில் இளங்கோவின் காப்பியமாக மட்டும் வழங்கவில்லை. கதைப்பாடலாகவும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமாகவும் வழங்கியுள்ளது. மன்னான் கூத்தின் கண்ணகி இவற்றுள் எதனோடு நெருங்கியவள் என்பதற்குச் சான்று நூலகத்தில் இல்லை. கூத்தரின் பாட்டிலும் அதற்கு அவர் தரும் விளக்கத்திலும் உள்ளது. குமுளிக்கு அருகே எல்லை மலைமேல் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவன்று ஒரு நாள் மட்டும் வழிபாட்டிற்குத் திறக்கப்படுகிறது. அன்று தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இணைந்து ஏற்பாடுகளைச் செய்கின்றன. அக்கோயிலைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. அதே மாவட்டத்தில் கண்ணகியை ஆடிவரும் மக்களின் சொல் தமிழாய்வில் பெற்ற இடம் மிகச் சிறிது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் வேடத்திற்கும் மனிதர்க்கும் உள்ள உறவு அரங்குக்கு அரங்கு வேறுபடுவது புலனாகும். ஸ்பெஷல் நாடக நடிகர்க்கு வேடம் உடைமை. பாவைக்கூத்துப் புலவர்க்கு அது கல்வி. பொறாட்டுக் கலைஞர்க்குச் சமூகத்தோடு நிகழும் வழக்காடல். மன்னான் கூத்தர்க்குக் கடமை. அனைவரிடமும் ஒரே வினாப்பட்டியலைக் கொண்டுசெல்லும் ஆய்வு, பின்னைய மூவரையும் முன்னவரின் குறைவடிவங்களாகவே காட்டும்.

எல்லைப்புறக் கலைஞரோடு நிகழும் உரையாடல் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, தமிழும் மலையாளமும் அறிந்தோர் இணைந்து அதனை நிகழ்த்துதல். கலைஞர் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்கு மாறும் இடங்களை அவ்வாறே பதிவு செய்தல். இரண்டாவது, பாடலையும் அதற்குக் கலைஞர் கூறும் உரையையும் பிரிக்காது தொகுத்தல். மூன்றாவது, தொகுத்ததைக் கலைஞரிடமே படித்துக்காட்டி, அவர் திருத்துவனவற்றையும் ஆய்வுத்தரவாகக் கொள்ளல். இம்மூன்றுக்கும் பெரும்பொருட்செலவு வேண்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து செல்லும் மனம் வேண்டும். இரவு முழுவதும் உரை சொல்ல வல்ல முதிய புலவர்கள் இருக்கும்போதே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

இம்முறை தமிழுக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தின் பதிகம், வேங்கை மரத்தின் நிழலில் தாம் கண்ட வியப்பைக் குன்றக்குறவர் வந்து இளங்கோவிடம் கூறுவதோடு தொடங்குகிறது. மலைவாழ் மக்கள் கூறியதைக் கேட்டதனால் ஒரு காப்பியம் பிறந்தது என்பதே அக்காப்பியம் தன்னைப் பற்றிக் கூறும் செய்தி. அம்மலைத்தொடரில் இன்றும் கூறுவோர் உளர். தமிழ்த்துறைகள் அவரிடம் சென்று கேட்டல் வேண்டும்.