நிழலில் நின்ற முகங்கள்

பொழுது சாயும் வேளையிற் கந்தளாய்க் குளக்கட்டின்மீது நடந்துவரும் முதியவர் ஒருவரின் முகத்தை நோக்குவோமாக. ஒரு கன்னத்தில் வெயில். மறு கன்னத்தில் இருள். நண்பகலிற் காணாத நெற்றிச் சுருக்கமும் கன்ன எலும்பின் வடிவும் அவ்வேளையிலே தெளிவாய்ப் புலப்படுகின்றன. உருவத்தைக் காட்டுவது ஒளி மட்டுமன்று, ஒளியின்மையுமாம். ‘லோ கீ’ எனப் படக்கலைஞர் வழங்கும் ஒளியமைப்பின் அடிப்படை இதுவே.

ஸ்டூடியோவில் இதனை ஆக்குதல் அரிதன்று. முகத்துக்குப் பக்கவாட்டிற் சற்று உயரத்தே நிற்கும் விளக்கு ஒன்றே போதும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். விளக்கிலிருந்து முகம் 3 அடியிலும் பின்திரை 9 அடியிலும் இருப்பின், திரையில் விழுவது முகத்தில் விழும் ஒளியின் ஒன்பதிலொரு பங்கே. திரை தானே இருண்டுவிடும். அரியது யாதெனின், எதனை இருளில் விடுவது என்னுந் தெளிவேயாம்.

அத்தெளிவு வாய்க்கப்பெற்றவர் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவால் நம் வரலாற்று மாணவர் நன்கறிந்த சாள்ஸ் ஹே கமரனின் மனைவியார் இவர். 1863இல், தமது 48ஆம் வயதில், மகள் பரிசளித்த படப்பெட்டியோடு இக்கலையிற் புகுந்தார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடொன்றைத் தம் ஒளிமனையாக்கினார். அவர் 1867இல் எடுத்த வானியலறிஞர் சேர் யோன் ஹேர்ஷலின் படத்தில் உடையும் பின்னணியும் இருளில் மறைகின்றன. எஞ்சுவன நரைத்த தலைமயிரும் விழிகளுமே. பட்டமும் பதவியும் மறைந்தவிடத்து மனிதர் தோன்றுகின்றார்.

1875இல் இலங்கைக்கு வந்த அம்மையார் 1879இல் இங்கேயே மறைந்தார். இக்காலத்தில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்குங் குறைவு. அவற்றில் தோட்டங்களில் உழைத்த தமிழரும் உளர். 1878இல் எடுத்த ‘களுத்துறைக் குடியானவர்’ படத்துக்கு அவர் எழுதிய குறிப்பிற் சிறுமியின் வயது 12 என்றும், அவள் தந்தையெனக் கூறிய முதியவர் தமக்கு நூறு வயதென்றார் என்றும் உள்ளது. வயதைக் கேட்டறிந்து எழுதியவர் பெயரை எழுதினாரில்லை. ஆனால் 1877இற் களுத்துறையில் அவர் படமெடுத்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்தின் பெயரோ நிலைத்துள்ளது.

அம்மையார் அவர்களை இழிவாக நோக்கினார் என்று கூறுதல் நீதியன்று. அம்முகங்களிலும் வீறு உண்டு. அதனாலேயே நம் வருத்தம் மிகுகின்றது. ஒருவரை நன்கு காண்பதற்காகக் கலைஞர் வேண்டிவைத்த இருள் வேறு; பெயரை விழுங்கிய இருள் வேறு. முன்னையது கலை, பின்னையது மறதி. படத்தை மதிப்பிடுவோர் முன்னையதைப் பாராட்டும்போது பின்னையதைக் காணாது விடலாகாது.

பிறரைக் குறைகூறும் நாமும் குற்றமற்றவரல்லேம். நிழல் விழுந்தால் முகங் கறுத்துத் தோன்றுமென்றஞ்சி, இருபுறமும் விளக்கேற்றி, நெகட்டிவிற் பென்சில் தீட்டி வெளுப்பாக்கும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலம் இருந்தது. அவ்வேலையை இன்று கணினி செய்கின்றது. விளைவு யாது? பாட்டியாரின் படத்தைப் பார்க்கும் பேரன், அவர் முகத்தின் சுருக்கங்களையும் நிறத்தையும் அதிற் காணான். அங்கே பெயர் தொலைந்தது. இங்கே முகமே தொலைகின்றது. கருநிற மேனியிற் பக்கவொளி படுங்கால் தோன்றும் மெருகினை, மாலையிற் குளக்கட்டில் நிற்கும் எவரும் காண்பர். ஒளிமனையில் மட்டும் அதற்கு நாணுவானேன்?

ஆதலின் மாணவர்க்குக் கூறுவது இரண்டு. வீட்டு முதியவரைப் படமெடுக்குங்கால் ஒரு விளக்கை அணைத்துப் பாருங்கள். பின்னர், படத்தின் புறத்தே அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.